பன்னிரண்டு கஜம்

கெட்டிக்காரியான ஒரு பெண்ணை, அவளுடைய மாமனார் வீட்டு முற்றத்தில், எல்லோர் முன்னாலும் நான் முட்டாளாக்கினேன். அவள் சொன்னது சரி. அது சரியென்று அந்த முற்றத்தில் நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... சிரிப்பு வரக்கூடிய கதைதான். நடுவில் ஒரு பசுவும் வருகிறது. தாராளமாகச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்த புதிது. நான் அந்த ஊர் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரன். சென்னையில் இரண்டு வருஷம் வயரிங் வேலை கற்றுக்கொண்டு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பல்பைக் கீழே போடாமல் மாட்டத் தெரிந்தவனெல்லாம் வித்துவான். நான் அதற்கும் மேலே இரண்டு படி என்று எனக்கு நானே தீர்மானம் செய்துகொண்டிருந்தேன்.

கழக்கூட்டத்தில் நீலகண்ட பிள்ளை என்று ஒரு பெரிய தென்னந்தோப்புக்காரர். பூர்வீகம் நாஞ்சில் நாடு. நகரத்து மின்சாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நாட்கள் அவை. ஆகவே அவரே ஓர் எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் வரவழைத்தார். எஞ்சின் சத்தம் வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று தோப்பின் கோடியில், குளத்தங்கரையில், கொட்டகை. அங்கிருந்து வீட்டுக்கு வயர் போக வேண்டும். கம்பம் நட்டு மேலே கொண்டுபோனால் தினம் ஒரு தென்னமட்டை விழுந்து அறுத்துவிடும். மண்ணுக்கு அடியில்தான் கொண்டுபோக வேண்டும்.

"மூங்கில் குழாய்க்குள்ள சாதா வயரை விட்டா ஆகாதா, சாமி?" என்று கேட்டார் பிள்ளை.

எனக்கு அது போதாதா? முற்றத்தில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். மூங்கிலைக் கரையான் தின்னும். சுட்ட மண் குழாயின் மூட்டுகளில் நீர் இறங்கும். வீட்டுச் சுவரில் ஓட்டுகிற வயர் ரப்பரின்மேல் நூல் பின்னியது; ஈர மண்ணில் கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் ஊறிப்போகும். மண்ணுக்குள் போக வேண்டியது ஈய உறை போட்ட கேபிள் ஒன்றுதான். அதை மணல் பரப்பிப் படுக்க வைத்து, மேலே செங்கல்லால் மூட வேண்டும். வண்டிப்பாதை குறுக்கிடும் இடத்தில் மட்டும் இரும்புக் குழாய்... ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். இன்றும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்.

பிள்ளையின் மருமகள் பார்வதி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. நாகர்கோவிலில் பள்ளிப் படிப்பு முடித்தவள். புருஷன் கொல்லத்தில் உத்தியோகம். மேலே பெண்கள் கல்லூரியில் சேர்ந்து பௌதிகம் படிக்க ஆசை. கணவனுக்குச் சம்மதம், விண்ணப்பத்தில் மாமனார் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். வேலை நடந்த நாட்களில் தினம் ஒரு கேள்வியோடு வருவாள். ஈயம் எதற்கு, மணல் எதற்கு, இரண்டு கம்பியும் ஏன் ஒன்றையொன்று தொடக் கூடாது... பதில் சொன்னால் ஒருமுறையிலேயே பிடித்துக்கொள்வாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. நம்பினால் நம்புங்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கேபிளுக்குத் தூரம் அளக்க வேண்டுமே? கயிறு எடுக்கவில்லை. என் ஓர் எட்டு ஒரு கஜம் என்று குடையை ஊன்றிக்கொண்டு கொட்டகையிலிருந்து வீடுவரை நேராக நடந்து எண்ணினேன். பார்க்க எவ்வளவு மிடுக்காக இருந்திருக்கும்! ஆனால் நடுவே சர்ப்பக்காவு இருந்தது. நாகங்களுக்கென்று விட்டுவைத்த சின்னக் காடு. அதன் ஒரு மூலைக்குள் புகுந்து நடந்த எனக்கு, அங்கே மண்வெட்டி படக் கூடாது, பள்ளம் அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது தோண்டும்போதுதான் உறைத்தது. கேபிள் பன்னிரண்டு கஜம் குறைந்தது.

சென்னையிலிருந்து வேறு கேபிள் வர மூன்று வாரம் ஆகும். விளக்கேற்ற நாள் குறித்து, உறவினருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. "அளந்ததில் பிசகிவிட்டேன், பிள்ளைவாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சிரித்திருப்பார். நாள் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான்... அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

பள்ளம் தோண்டினவர்களைக் கஞ்சி குடிக்க அனுப்பிவிட்டு, காவை ஒட்டிய அந்தப் பன்னிரண்டு கஜத்துக்கும் சுவர் வயரை மண் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையிலும் கேபிளோடு இணைத்து, துணி சுற்றி மண்ணைத் தள்ளி மூடினேன். எது கூடாதென்று பிரசங்கம் செய்தேனோ அதே வேலை. குறித்த நாளில் விளக்குகள் எரிந்தன. பிள்ளை எனக்குப் பட்டு வேட்டி போர்த்தினார். மீதிக் கேபிள் பிறகு வந்து சேர்ந்தது. என் கடை மேஜைக்கு அடியில் கிடந்தது. மழைக்கு முன் மாற்றிவிடலாம்... நன்றாகத்தானே எரிகிறது... அடுத்த வாரம் போகலாம்...

மழை எனக்காகக் காத்திருக்கவில்லை.

இடவப்பாதி மழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருக்கும். பிள்ளை ஆள் அனுப்பினார். போனால் வீடே கலவரமாக இருந்தது. வெள்ளைச்சி என்ற பசு, அந்தி நேரம் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது, காவு ஓரப் பாதைக்கு வந்ததும் நின்றுவிடுகிறதாம். அடித்தாலும் நகரவில்லையாம். மாடு மேய்க்கும் பாறு என்ற அம்மாள் வெறுங்காலைத் தூக்கித் தூக்கி, கூசுகிறதென்று காட்டினாள்.

"எனக்கும் காலு தரிக்குன்னு, ஏமானே. எறும்பு கேறின மாதிரி. நாகத்தான்மாருக்குக் கோபம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஈரம் இறங்கி, இரண்டு கம்பியிலிருந்தும் மின்சாரம் மண்ணில் கசிகிறது. வேறென்ன?

பார்வதி முன்னால் வந்தாள். "மாமா, பசு சாயங்காலம் மட்டுந்தான் நிக்கி. எஞ்சின் ஓடுத நேரம் அதுதான். செவ்வாக்கிழமை எண்ணெய் தீந்துபோயி எஞ்சின் ஓடல்லே. அன்னிக்குப் பசு நேரே நடந்து வந்திட்டு. நான் பாத்தேன். வயருல எங்கயோ கசிவு இருக்கு."

இதைவிடத் தெளிவாக எந்த இஞ்சினியர் சொல்லியிருப்பான்?

பிள்ளை என் பக்கம் திரும்பினார். "சாமி சொல்லும். அப்படி உண்டுமா?"

முற்றத்தில் இருபது பேர் இருந்தார்கள். நான் சிரித்தேன். "ஈயம் போட்ட கேபிள், பிள்ளைவாள். சமுத்திரத்திலே போட்டாலும் ஒரு சொட்டு கசியாது. குழந்தை ஏதோ பாடப் புஸ்தகத்திலே பாதி படிச்சுட்டுச் சொல்றது."

எல்லோரும் சிரித்தார்கள். பாறுகூடச் சிரித்தாள். பார்வதி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். கோபமில்லை, கணக்கில் எந்த வரி தப்பிப்போனது என்று தேடுகிற பார்வை அது.

நாகங்களுக்குப் பூஜை என்று முடிவாயிற்று. மஞ்சளும் பாலும் படைத்து, நாகப்பாட்டுக்காரரான புள்ளுவர் வந்து குடம் மீட்டிப் பாட வேண்டும். மூன்று நாள் யந்திரச் சத்தம் கூடாது. நான் உடனே ஒரு யோசனை சொன்னேன், பரம பக்தன்போல. "காவின் எல்லையை வயர் உரசிண்டு போறதுதான் குறையோ என்னவோ. இந்த மூணு நாளிலே ஒரு முழம் தள்ளிப் போட்டுடறேன்." பிள்ளை கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த மூன்று நாளில் பன்னிரண்டு கஜமும் ஈயக் கேபிளாக மாறியது. பழைய வயரை வெளியே எடுத்தபோது ரப்பர் களிபோல விரலோடு வந்தது. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். பூஜைப் பாயசம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், பிரமாதமாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நாலாம் நாள் அந்தியில் எஞ்சின் ஓடிற்று. வெள்ளைச்சி ராணிபோல நடந்து வந்தது. பாறு குலவையிட்டாள். புள்ளுவர்களுக்குப் புது முண்டு. எனக்கு மறுபடியும் ஒரு வேட்டி!

கிளம்பும்போது, கிணற்றடியில் பார்வதி நிறுத்தினாள். யாரும் அருகில் இல்லை.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா? தோண்டுனப்போ உள்ள என்ன இருந்திச்சு?"

யோசித்துப் பாருங்கள். யாரும் இல்லை. சிரிக்க ஒருவரும் இல்லை. அவள் யாரிடமும் போய்ச் சொல்லக்கூடியவளும் அல்ல; அவளுக்கு வேண்டியிருந்தது உண்மை மட்டும். பை என் தோளில் இருந்தது. திறந்து காட்டியிருக்கலாம்.

"அதே ஈயக் கேபிள்தாம்மா. எலும்பு மாதிரி காஞ்சு கிடந்தது."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். பிறகு, "அப்போ எனக்குத்தான் தப்பு" என்றாள். என்மீது துளி சந்தேகம் இல்லை. மண்ணுக்குள் என்ன போகலாம், என்ன கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் அல்லவா?

அடுத்த மாதம் எஞ்சினைச் சரிபார்க்கப் போனபோது பிள்ளையே சொன்னார். "காலேஜுக் காகிதத்தை மேசைக்குள்ள வச்சிட்டேன், சாமி. பசு நின்னதுக்கு எஞ்சினைக் குத்தம் சொல்லுத பிள்ளை, இன்னும் படிச்சா என்னல்லாம் சொல்லுமோ? அவளும் வேண்டாம்னுட்டா." அவர் கெட்டவர் அல்ல. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவே. நான் தலையாட்டினேன்.

அதன்பின் என் தொழில் ஓங்கிற்று. நாகங்களே ஒப்புக்கொண்ட வயரிங்காரன் என்று நாலு ஊரில் பேர். கயிறு இல்லாமல் ஒரு முழம்கூட நான் அளந்ததில்லை. ஆனால் அது யாருக்கு என்ன பிரயோஜனம்?

போன மாதம் நகரத்தில், கிழக்கேகோட்டை வாசலருகில் அவளைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பூசினாற்போல் உடம்பு, மலர்ந்த முகம். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. அவள்தான் என்னைக் கண்டு ஓடி வந்தாள்.

"சாமி, சுகமா? அன்னிக்கு நான் எப்படியெல்லாம் உங்களைக் கேள்வி கேட்டேன்! நீங்க ஒரு வார்த்தை கோவப்படல்லையே. இப்பம் நினைச்சாலும் வெக்கமாட்டு இருக்கு. பொறகு எது தோணினாலும் வாயத் தொறக்க மாட்டேன், சாமி. நமக்கென்ன தெரியும்னு விட்டிருவேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நிஜமாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் வாயைத் திறந்தேன்... "எஞ்சின் நன்னா ஓடறதா?" என்று கேட்டேன்.

"சாமியைக் கும்பிட்டுக்கோ மக்களே" என்றாள் குழந்தையிடம். அது குனிந்து என் காலைத் தொட்டது. தலையில் கை வைத்து, "நன்னா படிம்மா" என்று ஆசீர்வதித்தேன்.

ஆமாம், அந்த வார்த்தையையே சொன்னேன்.

கழக்கூட்டத்துக்கு இப்போது தினமும் பஸ் போகிறது. என் கடை வாசலில்தான் நின்று ஆள் ஏற்றுகிறது. நான் இன்னும் ஏறவில்லை.