பஞ்சு வைத்த காதில் மூன்று நிலையங்கள்

காதில் சீழ் வடிகிறவர்கள் யாரேனும் இதைப் படித்தால், முதலில் பஞ்சை எடுத்து வீசுங்கள். அதைச் சொல்லத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வலது காதில் குறுகுறுப்பாகத் தொடங்கியது. ஒரு மாதத்தில் இரண்டு காதிலும் சீழ். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிப்பவன் நான். நாற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் மாலையில் முதலாளி சாயபு வீட்டு ஜமக்காளத்தில் உட்கார வேண்டுமே! அவர் பாட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டி வாங்கியிருந்தார். எங்களில் நாலைந்து பேருக்கு அங்கே இடம் உண்டு.

சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டுகளைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்குச் சென்னை நிலையம் கச்சேரி கேட்கக் கற்றுத் தந்தது. கொழும்பில் இசைத்தட்டுகள். பம்பாயில் கஜல் என்ற உருதுப் பாட்டு, அர்த்தத்தைச் சாயபு சொல்வார். நாளடைவில் ஆலாபனை தொடங்கியதுமே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். "தேவசகாயம் சொன்னா சரிதாம்பா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன்.

தோல் அழுகாமலிருக்க ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போடுவோம். ஆட்டுத்தோலுக்கு நல்லது மனுஷத்தோலுக்கு ஆகாதா என்று அதே சாற்றில் பஞ்சை நனைத்து இரண்டு காதிலும் திணித்தேன். நாற்றம் அடங்கியது. பாட்டுக் கேட்கப் போகிறவன் காதை அடைத்துக்கொண்டு போனேன்! புத்தி கெட்டுப்போனால் இப்படித்தான்.

என் மனைவி மேரிக்கு மட்டும் தெரியும். "பேஜார் பண்ணாம வேலூருக்கு வாங்க, டாக்டராண்ட காட்டலாம்" என்று கெஞ்சினாள். எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் மாதம் பாட்டு தூரமாகப் போனது. பிறகு பெட்டியின் கரகரப்பு மட்டும். பிறகு அதுவுமில்லை. பக்கத்திலிருப்பவர் தலை ஆடினால் என் தலையும் ஆடும். ஒரு மாலை கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். சாயபு தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்தால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். காதருகே குனிந்து கத்தினார்:

"இன்னா தேவசகாயம், பாட்டரி தீந்து ரொம்ப நேரமாச்சேப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை நாளாக என்று உரக்கக் கேட்டார். "ரெண்டு வாரம்" என்றேன். அங்கேயும் பொய்! மேரி ஐந்து விரலை நீட்டி, "மாசம்மா" என்றாள்.

இரண்டு செவிப்பறையும் (ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தன. வலப்பக்கம் சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது. குளோரோபாம் (மயக்க மருந்து) கொடுத்து, காதுக்குப் பின்னால் எலும்பைச் செதுக்கினார்கள். "அடைக்காம இருந்திருந்தா வெளிய வடிஞ்சிருக்கும். நீங்களே உள்ள அனுப்பிட்டீங்க" என்றார் டாக்டரம்மா. உயிர் தப்பியது. வலது காது போயிற்று. இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம்.

இப்போது பாட்டு எனக்கு முழுதாக வருவதில்லை. நடுவில் ஓர் அடி வரும், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் காதின் பின்னால் உள்ள பள்ளத்துக்கு விரல் தானாகப் போய்விடுகிறது. அங்கே தொட்டால் தோல் மரத்திருக்கிறது.

தேறி வந்ததும் சாயபு ஆளனுப்பினார். பெட்டியின் அருகிலேயே உட்கார வைத்து, "கேக்குதாப்பா?" என்று சைகையில் கேட்டார். பழைய பழக்கத்தில் தலை ஆமென்று ஆடத் தொடங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இல்ல சாயபு, கேக்கல."

அவர் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. எனக்கு ஒரே ஒரு வரி கேட்டது. அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன்.