அப்பிள் வாங்கிய வீட்டுக்கு நோய் பார்க்க வந்தவர்கள்

மருதமுனையில் லைலாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்லுவாள், கேட்காத கேள்விக்கும் ஒன்று கைவசம் வைத்திருப்பாள். ஆனால் அவளுடைய ஒரே மகள், நாலு வயது அப்ரா, வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கமாட்டாள்.

வீட்டுக்குள் அவள் பூனையோடும் கதைப்பாள், சட்டி பானையோடும் கதைப்பாள். பாலர் பாடசாலையில் மட்டும் மூச்சு இல்லை. ஒரு தவணை முடியப்போகிறது, ஸுஹைறா ரீச்சர் இன்னும் பிள்ளையின் குரலைக் கேட்டதேயில்லை. இப்படியே போனால் பெரிய வகுப்புக்கு ஏற்றுவது கஷ்டம், ஒருக்கா டொக்டரிடமும் காட்டுங்கள் என்று அவர் சொன்ன அன்று லைலா பாயில் குப்புறப் படுத்து அழுதாள்.

வழியையும் ரீச்சரே சொல்லியிருந்தார். ஒரு பழத்தை வைத்து வீட்டிலே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். அப்பிள் நல்லது, நிறம் கேட்கலாம், விதை எண்ணலாம், பாதியாக வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் கடதாசியில் அச்சு வைக்கலாம், பிள்ளை தானாகக் கதைக்கும் என்றார்.

லைலா நிஸாமின் கடைக்குப் போனாள். இந்தக் கரையில் அப்பிள் யாரும் சும்மா வாங்கித் தின்கிற பழமில்லை. சுகமில்லாதவரைப் பார்க்கப் போகிறவர் கையில் தொங்குகிற பழம். ஆருக்கு வருத்தம், ஆர் படுக்கையில் என்று நிஸாம் கேட்டான். சாயத்தில் முக்கப்போகிறேன் என்றால் தின்கிற சாமானை வீணாக்குகிறாள் என்று ஊர் சிரிக்கும். "வீட்டுக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அதுதான் வினையாகிப் போனது. லைலாவே ஒரு சொல்லோடு நிறுத்துகிறாள் என்றால் வீட்டில் ஏதோ பெரிய வருத்தம் என்று நிஸாம் முடிவு கட்டிவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அடுத்த நாள் காலையில் பாடம் தொடங்கியது. இது என்ன நிறம் என்று லைலா கேட்டாள். பிள்ளை வாயெடுக்குமுன் சிவப்பு என்று அவளே சொன்னாள். வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்றாள், விதை என்றாள், அதையும் அவளே எண்ணினாள். அப்ரா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஷரிபுதீன் ஹாஜியார் ஒரு பை அப்பிளோடு நுழைந்தார். பின்னாலே பக்கத்து வீட்டுப் பெண்கள், அவர்கள் கையிலும் அப்பிள். விடியக் கடலால் திரும்பி வந்த லைலாவின் புருசன் றிம்சான், வீட்டு முன் மண்டபத்தில் தலையோடு போர்த்திக்கொண்டு அடித்துப்போட்டது போல் நித்திரை. இதற்குமேல் சாட்சி வேண்டுமா? லைலா வாய் திறக்கும்போதெல்லாம், "ஒண்டும் கதைக்காத புள்ள, அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்று அடக்கிவிட்டார்கள். கதைப்பதில் அவளை வென்றவர்கள் ஊரில் அன்றைக்குத்தான் தோன்றினார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் அவளிடம் இல்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லலாம் என்று குசினிக்குள் போனாள்.

ஸுஹைறா ரீச்சரும் செய்தி கேட்டு, அப்பிளோடு வந்து சேர்ந்தார். ஹாஜியார் றிம்சானின் தலைமாட்டில் இருந்து ஓதி ஊதத் தொடங்கினார். வாப்பாவுக்கு எப்போதிருந்து இப்படி என்று ஒருத்தி அப்ராவிடம் கேட்டாள். பதிலுக்காக எல்லாரும் வழமை போல லைலாவைத் தேடினார்கள். லைலா அங்கே இல்லை.

"வாப்பாக்கு வருத்தம் இல்ல" என்றாள் அப்ரா. "மீன் புடிச்சிட்டு வந்து நித்திர கொள்றாரு. ஊதாதீங்க, எழும்பினா ஏசுவாரு."

ஹாஜியார் ஊதிய வாயோடு அப்படியே இருந்தார். அப்படியென்றால் அப்பிள் எதற்கு என்று கேட்டார்கள். படிக்க என்றாள் அப்ரா. அதோடு விட்டாளா? எல்லாரையும் வட்டமாக இருத்தி, பைகளைப் பறித்து, ஒவ்வொருவரிடமும் நிறம் கேட்டாள். பச்சை அப்பிளைச் சிவப்பு என்ற பெண்ணை எழும்பி நிற்க வைத்தாள். ஹாஜியாரின் கையில் பாதி அப்பிளைக் கொடுத்துச் சாயத்தில் தோய்க்கச் சொன்னாள். சத்தத்தில் கண் விழித்த றிம்சான், தன்னைச் சுற்றி இத்தனை பேர் இருப்பதைக் கண்டு, மௌத்தாகிவிட்டோமோ என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

லைலா தட்டோடு கதவடிக்கு வந்தபோது, ரீச்சர் ஒரு பாதி அப்பிளைப் பிள்ளையிடம் நீட்டி இதற்குள் எத்தனை விதை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டவர் பழக்க தோஷத்தில் லைலாவைப் பார்த்தார். அப்ராவும் உம்மாவின் வாயைப் பார்த்தாள். ஐந்து என்ற சொல் லைலாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேர் என்ன, வயசு என்ன, சாப்பிட்டாயா என்று இந்தப் பிள்ளையிடம் ஊர் கேட்டதற்கெல்லாம் இவ்வளவு நாளும் யார் பதில் சொன்னது? வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உம்மா சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் அப்ரா குனிந்து விரலால் தொட்டு எண்ணினாள்.

"ஒண்டு, ரெண்டு, மூணு, ஆறு, எட்டு. எட்டு விதை, ரீச்சர்."

ரீச்சர் சிரித்தபடி மறுபடியும் லைலாவைப் பார்த்தார்.

"மகள் சொன்னாச் சரிதான்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினாள் லைலா.