அட்டை என்று நினைத்தவள்

பட்டம் பெற்று, மலைமேல் உள்ள பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த முதல் மழைக்காலம் அது. பதின்மூன்று வயதுப் பாவாயி, பாவாடையில் இரத்தக் கறையோடு என் மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, ஊத்துத் தண்ணியோட அட்டையக் குடிச்சிட்டனுங்க. உள்ள கடிக்குதுங்க. செத்துப்போயிருவனுங்களா?”

அவள் பூப்பெய்தியிருக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. ஆனால் அதை விளக்க வேண்டியவள் தாய்தான் என்று எண்ணினேன். கூச்சமும் தடுத்தது. “ஒன்றுமில்லை கண்ணு, வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேள்” என்று அனுப்பிவிட்டேன்.

தாய் சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். பாவாயி காத்திருக்கவில்லை. காலில் ஏறும் அட்டையைப் புகையிலைச் சாறு தடவி உதிர்ப்பது மலை வழக்கம். வயிற்றுக்குள் இருக்கும் அட்டையைக் கொல்வதாக எண்ணி, அவள் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் இறந்துபோனாள்.

துக்கத்துக்குப் போன என் கையைத் தாய் பற்றிக்கொண்டாள். “எனக்குச் சொல்லக் கூச்சமுங்க. பள்ளிக்கொடத்துல சொல்லிக் குடுத்திருப்பீங்கன்னு இருந்துட்டனே சாமி! நீங்களும் சொல்லலீங்களா?”



இப்போது ஆண்டுதோறும் தாய்மாரையும் மகள்களையும் பள்ளிக்கு அழைத்து, ஒளிக்காமல் எடுத்துச் சொல்கிறேன். பாவாயியின் தாயும் தவறாமல் வருகிறாள். மகளோடு வந்தவர்களுக்கு நடுவில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து, கடைசிவரை கேட்கிறாள்.