பெருஜியா சந்தில் மாட்டிய கார்

"ரயில்ல வாங்கப்பா. ஸ்டேஷன்ல இருந்து பஸ் இருக்குதுங்க. மேட்டுத் தெருவுக்குள்ள கார் மட்டும் வேண்டாங்க" என்று என் மகள் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

நான் கேட்டேனா? நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். காஷ்மீர் வரைக்கும் பத்துச் சக்கர வண்டியைக் கொண்டுபோனவனுக்கு இத்தாலி எம்மாத்திரம் என்று, மனைவியோடு ரோமில் இறங்கியதும் வாடகைக்கு ஒரு காரை எடுத்தேன். கொழுப்புதான், வேறென்ன?

அவள் பெருஜியாவில் படித்தாள். அன்று பதினோரு மணிக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். அவள் பிறந்தபோது நான் நாக்பூரில் இருந்தேன். பெரியவளாகி சீர் செய்த அன்று, அசாமில் அச்சு முறிந்து நின்றேன். இதற்காவது கண்ணெதிரே இருந்துவிட வேண்டும் என்றுதான் கடல் தாண்டி வந்தேன்.

பெருஜியா மலைமேல் இருக்கிற ஊர். போன் காட்டிய வழியில் ஒரு சந்துக்குள் திருப்பினேன். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். வலது சுவர் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று கண் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது. கரகரவென்று சத்தம். இரண்டு பக்கக் கதவும் சுவரில் ஒட்டிக்கொண்டன. முன்னே சந்து படிக்கட்டாக இறங்கியது. பின்னே நம் ஊர் சரக்கு ஆட்டோ மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டி, அதன் பின்னால் ஸ்கூட்டர்கள், காதைப் பிளக்கும் ஹாரன். அசைத்தால் தகரம் கிழிந்தது. மணி பத்தரை.

மூன்று சக்கர வண்டிக்காரர் எங்கள் காரின் பின் மூடியைத் திறந்துவிட்டார். போன் பேசிவிட்டு, இழுவை வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்று கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். என் மனைவி பட்டுச் சேலையோடு பெட்டிகளின் மேல் தவழ்ந்து வெளியே போனாள்.

"ஏனுங்க, நீங்களும் வாங்க. காலேஜு பக்கந்தானாமா. நடந்தே போயிரலாம்."

"வண்டி நடுரோட்டுல கெடக்குது. உட்டுட்டு எப்படி வாரது?"

"அட, அது என்ன உங்க சொந்த வண்டியா?"

சொந்த வண்டி இல்லைதான். ஆனால் நின்ற வண்டியை விட்டுவிட்டு டிரைவர் போகமாட்டான். சரக்கோடு மூன்று நாள் காட்டில் காவல் கிடந்தவன் நான். கால் எழவே இல்லை.

"நீ போ சாமி. இழுவை வண்டி வந்ததும் வாரேன்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பதினோரு மணி அடித்தது. கதவு திறக்காத காருக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

பன்னிரண்டாகியும் இழுவை வண்டி வரவில்லை. மகள்தான் வந்தாள். தலையில் பச்சை இலை வளையம். பட்டம் வாங்கினால் அங்கே அதைச் சூட்டுவார்களாம். பின் மூடி வழியாகத் தவழ்ந்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அழுவாதீங்கப்பா" என்றாள். "விழாவுல வூட்டாளுக ரெண்டு பேருக்கு எடம் குடுத்தாங்க. எப்பவும் போல நான் அம்மா பேரு மட்டுந்தாங்க குடுத்திருந்தேன்."