வெறும் காருக்கு ஒரு பாரம்

பேசாலையில் கடல் ஒத்துக்கொள்ளாத ஆண்பிள்ளை ஒருவர் உண்டென்றால் அது பஸ்ரியன்தான். பெண் எடுத்ததோ வள்ளமும் வலையும் வைத்திருந்த குடும்பத்தில். கல்யாணமான புதிதில் மனைவியின் அண்ணன் றெனால்ட், மரியாதைக்காகப் புது மாப்பிள்ளையைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை கண்ணை விட்டு மறையுமுன்பே மாப்பிள்ளை விருந்துச் சாப்பாடு முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பஸ்ரியன் ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். றெனால்ட் அந்த வாந்திக் கதையைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு தொழிலும் இன்றுவரை தடையில்லாமல் நடக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், கார் நாளடைவில் தானே ஒரு வள்ளமாகிவிட்டது. குலுக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய முன் சொக் இரண்டும் செத்துப்போய், ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை ஆடிக்கொண்டே போகும். மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போனவர்கள் வழியில் இறங்கிப் பற்றைக்குள் குனிந்தார்கள். பஸ்ரியன் மட்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி சுகமாக இருந்தார். கடலில் ஒத்துக்கொள்ளாத ஆட்டம் தரையில் ஏன் ஒத்துக்கொண்டது என்பதை அவரும் விளக்கியதில்லை.

இந்தக் காரில் றெனால்டை ஏற்றாமல் தப்புவது பஸ்ரியனின் நிரந்தர முயற்சி. றெனால்ட் பெரிய உடம்புக்காரர். முன் சீற்றில்தான் இருப்பார். இருந்தால் வாய் மூடமாட்டார். "இடப்பக்கம் பார், பள்ளம் வருது, மெல்லப் போ" என்று, வள்ளத்தின் முன் அணியத்தில் நின்று பாறை பார்ப்பவர்போல் சொல்லிக்கொண்டே வருவார். "இண்டைக்குச் சீற் இல்லை மச்சான்" என்று பஸ்ரியன் சொன்ன நாட்களில் கார் பெரும்பாலும் வெறுமையாகத்தான் போனது.

சிரிப்பெல்லாம் டினோஜாவுக்கு யாழ்ப்பாணத்தில் முதுகில் ஒப்பரேசன் செய்ததோடு நின்றது. ஒரே மகள். நேசரிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். எழும்பி நடக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாம், ஆனால் வழியில் குலுங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்புலன்ஸ் கொண்டுபோகிற வண்டி. வீட்டில் கொண்டுவந்து விடுகிற வண்டியல்ல. வாடகை வான்காரர்களோ பள்ளத்தைக் கண்டால் பிரேக் அடிக்காமல் ஹோர்ன் அடிப்பவர்கள். பஸ்ரியன் வவுனியாவுக்குப் போய்ப் புதுச் சொக்கும் ஸ்பிரிங்கும் வாங்கி வந்தார். தன் கையாலேயே பூட்டுவதென்று முடிவெடுத்தார்.

ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கிற கொக்கிச் சோடி இல்லாமல் அந்த வேலை நடக்காது. சிலாவத்துறையில் கராஜ் வைத்திருக்கும் சனூனிடம் கேட்டார். கேட்ட அன்றே அது சாக்கில் சுற்றி பஸ்ஸில் வந்து இறங்கியது. பின்னாலேயே போனும் வந்தது.

"தம்பி, நடு நட்டிலை முதல் கை வைக்காதேங்கோ. ஸ்பிரிங் நல்லா நெருங்கின பிறகுதான். இல்லாட்டி அது உங்கடை மூஞ்சியைத்தான் தேடி வரும்."

"ஓம் நானா. சாமானைத் திங்கக்கிழமை அனுப்பிவிடுறன்."

"சாமானுக்கு என்ன அவசரம்? முதல் பிள்ளை வீடு வந்து சேரட்டும். நான் துஆச் செய்யிறன்."

சனிக்கிழமை காலை, மனைவி மதலேனாவின் உதவியோடு வேப்பமர நிழலில் வேலை தொடங்கியது. மணலில் ஜக் காரைத் தூக்குவதற்குப் பதிலாகத் தான் கீழே போனது. அதற்கடியில் பனம்பலகை வைத்தார்கள். உப்புக் காற்றில் இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சில்லைக் கழற்றி, சொக்கை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்தபோது, ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து உடைந்திருந்தது தெரிந்தது. மதலேனா கொக்கியை மட்டும் நம்பவில்லை. வள்ளக் கயிற்றால் புது ஸ்பிரிங்கைச் சுற்றிக் கட்டினார். அந்த முடிச்சைப் பார்த்தால் திருக்கை மீன்கூடத் திமிறாது. பின்னேரத்துக்குள் இரண்டு பக்கமும் பூட்டி முடிந்தது. பஸ்ரியன் கையைத் துடைத்துக்கொண்டு, மடுத் தாயாரின் பெயரைச் சொல்லிச் சிலுவை போட்டார்.

பரிசோதனைக்கு மதலேனா பின் சீற்றில் மகளைப்போலச் சரிந்து படுத்தார். கார் ஒழுங்கையின் முடிவுவரை போய்த் திரும்பியது. இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார்.

"இஞ்சாருங்கோ, பழையதே பரவாயில்லை. அது தாலாட்டினது. இது குத்துது."

பிழை எங்கே என்று யோசிக்கப் பஸ்ரியனுக்கு நேரம் எடுக்கவில்லை. "என்ன பாரம் ஏத்துவீங்கள்?" என்று கடைக்காரர் கேட்டிருந்தார். பஸ்ரியன் உண்மையைச் சொல்லியிருந்தார்: ஏழு பேர், கருவாட்டுப் பெட்டி, சில நேரம் மேலே ஒரு வலை. இந்த ஊரில் காரை வெறுமையாக ஓட்டிப் பழகியவர் யார்? கடைக்காரர் அதற்கேற்ற முரட்டு ஸ்பிரிங்காகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். ஒரேயொரு மெலிந்த பெண்பிள்ளையைக் கொண்டுவரத்தான் வாங்குகிறோம் என்பது அந்த நேரம் பஸ்ரியனின் வாயில் வரவில்லை. உண்மை பேசியதற்குக் கிடைத்த தண்டனை அது. பழையது உடைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.

அவர் ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். மீண்டும் ஓடிப் பார்த்தார். குத்து கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. படலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற றெனால்டுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வெறும் வள்ளம் மாதிரித் துள்ளுது. பாரம் இல்லாமல் வள்ளம் விட்டால் துள்ளாமல் என்ன செய்யும்? நீ எங்கை பார்த்தனி, கண்ணை மூடிக்கொண்டு சத்தியெல்லோ எடுத்தனி."

பஸ்ரியன் கோபப்பட வாய் திறந்தார். ஆனால் மனிதர் சொன்னது சரி.

"அப்ப முன்னுக்கு மணல் மூடை வைக்கிறன்."

"வை. பூநகரியிலை பொலிஸ் மறிச்சு, மணலுக்குப் பெர்மிற் எங்கை எண்டு கேக்கட்டும். பிள்ளை ரோட்டிலை காத்திருக்கட்டும்."

மதலேனா கணவரைப் பார்த்தார். பிறகு தமையனின் வயிற்றைப் பார்த்தார்.

"பாரத்துக்கு ஏன் அலையிறியள்? படலையிலைதானே நிக்குது."

றெனால்ட் ஞாயிற்றுப் பூசையைத் தவறவிட்டதாக ஊரில் பதிவில்லை. ஒருமுறை காய்ச்சலோடு வந்து கோயில் வாசலில் விழுந்தவர். காரில் போனால் பூசை போய்விடும். தலையைச் சொறிந்தார்.

"செபமாலையைக் காருக்குள்ளை சொல்லலாம்தானே," என்றார்.

பஸ்ரியன் காரின் முன் கதவைத் திறந்து, பழைய வேட்டியால் சீற்றைத் துடைத்தார். அந்தச் சீற்றை அவர் அப்படித் துடைத்து எவரும் பார்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது டினோஜா பின் சீற்றில் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முன்னால் றெனால்ட் நிறைந்திருந்தார். முன் பக்கம் கனத்து, கார் ரோட்டை ஒட்டி நிதானமாகப் போனது. மழையில் அரிபட்ட இடங்கள் வந்தபோது அவர் வாய் திறந்தார். "மெல்ல... வலப்பக்கம் எடு... இப்ப விடு." பஸ்ரியன் சொன்னபடி எடுத்தார், விட்டார். பள்ளம் இல்லாத இடங்களில் றெனால்ட் செபமாலை சொன்னார். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். சில இடங்களில் மரியாயே வாழ்கவுக்கும் பள்ளத்துக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லை. விடத்தல்தீவு தாண்டியபோது மதலேனா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"நித்திரையாப் போனாள்."

ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் நோவில்லாமல் கண்ணயர்ந்தது அப்போதுதான். பஸ்ரியன் கண்ணைத் துடைப்பதற்கு ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு கை எடுத்தார். றெனால்ட் அதைக் கண்டும் புத்தி சொல்லாமல் விட்டது அவரைப் பொறுத்தவரை ஒரு பெரிய தியாகம்.

வீட்டு வாசலில் கார் நின்றது. றெனால்ட் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். முன் பக்கம் மெல்ல எழும்பத் தொடங்கியது.

"இறங்காதேங்கோ மச்சான்!"

றெனால்ட் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தக் காரில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. டினோஜா தாயின் தோளைப் பிடித்து, ஆட்டமில்லாத காரிலிருந்து தானே இறங்கி நின்றாள். "மாமா, நல்லா வந்தனான்," என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்து உள்ளே போனாள்.

"இனி இறங்கலாமோ?" என்றார் றெனால்ட்.

"இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

பஸ்ரியன் சனூனுக்குப் போன் எடுத்து, பிள்ளை வந்துசேர்ந்த செய்தியைச் சொன்னார். பிறகு தானே ஊற்றிய தேத்தண்ணியோடு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். றெனால்ட் ஒரு மிடறு குடித்தார்.

"உனக்கு ஞாபகம் இருக்கோ, அண்டைக்கு வள்ளத்திலை..." என்று தொடங்கினார்.

பஸ்ரியன் கதவில் சாய்ந்துகொண்டு, அந்தக் கதையை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டார்.