கதிரேசன் தளர்த்திய பிரேக்குகள்

1996 ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை வரை, கணபதி என்ற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்த இருநூற்றுப் பதின்மூன்று பைக்குகளின் முன் பிரேக்கைக் கதிரேசன் தன் கையாலேயே பிடிக்காமல் செய்திருந்தார். அதற்காக யாரும் அவரைத் திட்டியதில்லை. கேட்டுச் செய்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கேட்டவர்கள் எல்லோரும் அப்பாக்கள். பத்தாவதில் நானூற்றைம்பது தாண்டினால் பைக் என்று பையனுக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். மார்க் வந்த அடுத்த வாரம் நூறு சிசி வண்டி வீட்டு வாசலில் நிற்கும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலைச் சுற்றிவிட்டு நேராகக் கதிரேசனின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"ஏனுங்ணா, சின்னப் பையனுங்க. முன்னாடி பிரேக்கைப் புடிச்சான்னா குட்டிக்கரணம் அடிச்சு உழுந்துபோடுவான். அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணி உட்ருங்க."

பிரேக் கம்பியின் நட்டை நான்கு சுற்று பின்னால் திருகினால் போதும். அதன்பிறகு லீவர் தொளதொளவென்று ஆடும். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அதன்பாட்டுக்குச் சுற்றும். அப்பா ஒருமுறை பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

கதிரேசனும் அதை நம்பித்தான் செய்தார். லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் கால் ஊன்ற வேண்டிவரும், ஊன்றினால் பெயில். அதனால் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் முதல் நாளே, அந்தப் பக்கமே கை போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். சோதனைக்கான அந்த யோசனை, நாளாக நாளாகச் சாலைக்கான சட்டமாகிவிட்டது. லைசென்ஸ் எடுக்கும் வயதே வராத பையன்களுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சத்தி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்று மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி முகாம் நடத்தியது. பாதிப் பேர் மத்தியானத்துப் பிரியாணிக்கு வந்திருந்தார்கள். பாடம் எடுக்க வந்த ரசாக், மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தார்த் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினார். வண்டி வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றது. டேப் பிடித்தார்கள். அறுபத்தொரு அடி. மறுபடி வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். முப்பத்திரண்டு.

"இதென்னுங்க சர்க்கஸ்! மழை பேஞ்சா தெரியும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கதிரேசன் சிரிக்கவில்லை. தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கினார். ஐந்து முறை ஓட்டினார். டேப் ஏறக்குறைய அதே அளவுகளைத்தான் காட்டியது. பந்தியில் உட்காராமல் பட்டறைக்கு வந்து, வேலைக் குறிப்பு எழுதும் பழைய நோட்டுகளை எடுத்து, முன் பிரேக் தளர்த்திய வண்டி எண்களையெல்லாம் ஒரு தாளில் இறக்கினார். மனைவி மெர்சி சாப்பிடக் கூப்பிட வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "இத்தனையுமாங்க?" என்றார்.

"இத்தனையும்தான்."

மறுநாளே பட்டறை வாசலில் பலகை வைத்தார்: முன் பிரேக் இலவசமாகச் சரிசெய்து தரப்படும். ஒரு வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

அப்புறம் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும், ஆனா வேண்டாமுங்க" என்று அனுப்பினார்கள். அந்த மரியாதைக்கு எதிராக வாதாட அவருக்குத் தெரியவில்லை.

பையன்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மைதானம் கிடைத்தால் பிரேக் பிடிப்பதை ஓட்டிக் காட்டிச் சொல்லித்தருகிறேன் என்றார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க பசங்க யாரும் பைக்குல வர்றதில்லீங்களே. வண்டி கொண்டுவரக் கூடாதுன்னு சர்க்குலரே இருக்குங்க."

பேசிக்கொண்டிருந்த ஜன்னலுக்கு வெளியே, மதில் சுவரை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில், நாற்பது பைக்குகள் வரிசையாக வெயிலில் நின்றன. பள்ளிக்குள் அனுமதியில்லை என்பதால் பையன்கள் அங்கே விடுவார்கள். காலையில் விட்டால் மணியடித்த பிறகுதான் எடுப்பார்கள்.

கதிரேசன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஜூலை முதல் வாரம், ஸ்டாண்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒவ்வொரு வண்டியாக நட்டை முடுக்கினார். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும் சொன்னார்: ரெண்டையும் சேத்திப் புடிக்கோணும், முன்னாடி மெதுவா அழுத்தோணும், மண்ணுல திரும்பறப்பப் புடிக்கக் கூடாது.

"ஏனுங்ணா, குட்டிக்கரணத்துக்கு டிக்கெட் தனியாங்களா?" என்றான் ஒருவன். தமிழ்ச்செல்வன் என்ற பிளஸ் டூ பையன், "சரிங்ணா, சரிங்ணா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பினான். அவன் அப்பா வெள்ளியங்கிரி, பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், கதிரேசனின் வீட்டுக்கு இரண்டு வீதி தள்ளிக் குடியிருப்பவர். ஒரு வருஷத்துக்கு முன் கதிரேசனே தளர்த்திக் கொடுத்த வண்டி அது.

அந்த ஒரு வருஷமாகத் தொளதொளத்த லீவரைச் சும்மா பிசைந்துகொண்டே ஓட்டிப் பழகிய கை அவனுடையது. மறுநாள் சங்கனூர்ப் பள்ளத்து ஓடைப் பக்கம், மணல் கிடந்த திருப்பத்தில், அதே பழக்கத்தில் முழுசாக அழுத்தினான். முன் சக்கரம் அப்படியே நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

வெள்ளியங்கிரி பட்டறைக்கு வந்தபோது சத்தம் போடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"கதிரேசண்ணா, எம்பட பையன் வண்டிய என்னைக் கேக்காமத் தொட்டுப்போட்டீங்களே."

"தப்புத்தானுங்ணா. ஆனா பிரேக்கு தப்பில்லீங்க. அவனுக்குப் புடிக்கத் தெரியலீங்க. கை கூடினதும் ஒரு வாரம் எங்கிட்ட உடுங்க, நான் சொல்லித் தாரேன்."

"ஒரு வருசமா ஓட்டறானுங்க. நீங்க கை வெச்ச மறுநாளு உழுந்தான். இதுக்கு மேல என்னத்தைங்க சொல்லித் தருவீங்க?"

கதிரேசனிடம் பதில் இருந்தது. நட்டை முடுக்கியது பாதி வேலை, பழக்கியிருக்க வேண்டியது மீதி என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்திருந்தது. ஆனால் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் பையனின் அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளியங்கிரி வேலை மேசையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். லேத் ஓட்டுகிறவரின் கை, தடுமாறவில்லை. நான்கு சுற்று. லீவரைப் பிடித்துப் பார்த்தார். ஸ்பேனரைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று போனார்.

செய்தி வீதி வீதியாகப் பரவியது. அந்த வாரமே ஸ்டாண்டில் இருந்த நாற்பது வண்டிகளும் வேறு பட்டறைகளுக்குப் போய் நட்டைத் தளர்த்திக்கொண்டு வந்தன. கதிரேசன் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்த ஏழெட்டு வீட்டுக்காரர்களும் தளர்த்திக்கொண்டார்கள்.

தமிழ்ச்செல்வனுக்குக் கட்டுப் பிரித்து ஆறாவது நாள், ஆகஸ்ட் இருபத்திரண்டு, காலை எட்டே கால். சத்தி ரோட்டில் முன்னால் போன லாரி, மாடு ஒன்று குறுக்கே வந்ததால் நின்றது. பையன் பின் பிரேக்கை மிதித்திருக்கிறான். தாரில் டயர் இழுத்த கறுப்புக் கோடு லாரியின் பின்புறம் வரை போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கதிரேசன் அங்கே போனபோது கூட்டம் கலைந்திருந்தது. குனிந்து பார்த்து, காலடியால் அந்தக் கோட்டை அளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நின்றது.

"அதுல முன்னாடி பிரேக்கு இல்லீங்க. அதை எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார். "நீங்க பையனுக்குச் சொந்தமுங்களா?"

"மெக்கானிக்குங்க. மொதல்ல அதை லூஸ் பண்ணினதே நான்தானுங்க."

"லாரிக்காரன் மேல கேஸ் போட்டாச்சுங்க. வண்டிய ஆர்டிஓ ஆபீசு அதிகாரி வந்து பாத்துட்டாரு, பிரேக் சரின்னு குறிச்சுக் குடுத்துட்டாரு." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, பெத்தவங்க ஏற்கெனவே பாதி செத்துக் கெடக்கறாங்க. நீங்க வேற எதுக்குங்க? போயிட்டு வாங்க."

கதிரேசன் இழவு வீட்டுக்குப் போனார். வெள்ளியங்கிரி அவரைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லி, நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் கதிரேசன் பட்டறையைக் காலிசெய்துவிட்டு, தாராபுரத்துக்குப் பக்கத்தில் மைத்துனரின் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போனார். பட்டறையை வாடகைக்கு எடுத்தவரும் மெக்கானிக்தான்; கேட்டு வந்த அப்பாக்களுக்கு அவரும் நட்டை நான்கு சுற்று திருகிக் கொடுத்தார்.