மஹ்பூபியின் கால்கள்

நம்புங்கள் என்று வற்புறுத்தும் தெம்பு எனக்கில்லை. 1934, மார்கழி. பாலாற்றங்கரையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. கர்த்தர் சாட்சியாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. முதல் வருஷ நர்ஸ் மாணவி. இரண்டாம் தடவையாக. மதராஸில் வேலை பார்த்தபோது முதுகு வலிக்கென்று மார்பியா ஊசி போட்டுக்கொண்டேன். வலி போயிற்று, ஊசி போகவில்லை. நோயாளிகளுக்கு உள்ளதையே எடுக்க ஆரம்பித்தேன். பிடிபட்டேன். பதிவிலிருந்து என் பெயரை அடித்தார்கள். வாலாஜாபேட்டையில் அக்கா வீட்டில் இரண்டு வருஷம் நடுங்கிக் கிடந்து மீண்டேன். இந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பத்திலிருந்து படித்தால் பார்க்கலாம் என்றார்கள். இனி ஒரு மாத்திரை குறைந்தாலும் அத்தோடு சரி.

கூடப் படித்தவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள். எனக்கு 'ஊசி அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். வார்டில் என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டவர் மஹ்பூபி ஒருவர்தான். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ரஷீத் அஹமதுவின் அம்மா. நீர் கோத்துக் கால் வீங்கி, கடைசிக் கட்டிலில் ஒரு மாதமாகக் கிடந்தார்.

அன்று ராத்திரி டியூட்டிக்கு வந்தேன். பகல் பெண்கள் வழக்கம்போல என்னிடம் பேசாமல் கிளம்பிப் போனார்கள். களைப்பு. உடம்பெல்லாம் களைப்பு. கடைசிக் கட்டில் இருட்டில் இருந்தது; மஹ்பூபி தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். காற்று திரும்பியதும் ஷாப்புகளின் தோல் வாடை வார்டுக்குள் வந்து நின்றது.

இரண்டு மணிக்குப் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ராத்திரி சிஸ்டர் தனகோடி எழுந்து ஓடினார். மார்பியா இருக்கும் விஷ மருந்து அலமாரியின் சாவியை யாரிடமும் விடாதவர்... அவசரத்தில் மேசைமேல் விட்டுப் போனார்.

பார்த்தேன். வேறு பக்கம் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

எப்போது எடுத்தேன் என்று தெரியாது. சாவி என் கையில் இருந்தது. அலமாரி முன்னால் நின்றேன். ஒரே ஒரு தடவை. தூங்கினால் போதும் என்றிருந்தது.

"ஜெயம்மா..."

என் பெயர்தான். கடைசிக் கட்டிலிலிருந்து.

"தங்கச்சி... காலு ஜில்லுனு கீது. கொஞ்சம் தேய்ச்சு வுடேன்."

போனேன். அரிக்கேன் விளக்கு தூரத்தில். முகம் தெரியவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு கையால் பாதத்தைத் தொட்டேன். கிணற்றுக் கல்லைப்போல இருந்தது. வீக்கம் வற்றியிருந்தது.

"ரெண்டு கையாலயும் தேய்."

சாவியைக் கீழே வைத்தேன்.

தேய்த்தேன். சூடேறவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்... பக்கத்துக் கட்டிலில் கேட்டது. இங்கே இல்லை.

விரல்களுக்குப் போனேன். ஏதோ தட்டுப்பட்டது.

துணி நாடா. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு.

நான் நர்ஸ். அந்த முடிச்சை யாருக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.



"அவுத்து வுடு தங்கச்சி. வலிக்குது."

அவிழ்த்தேன்.

ஓடியிருக்கலாம். ஓடினால் அலமாரியைத் தாண்டித்தான் ஓட வேண்டும். அந்தக் குளிரைவிட அந்த அலமாரி எனக்குப் பயமாக இருந்தது.

கண்ணை மூடினேன். ஜெபம் சொன்னேன். தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டே இருந்தேன்...

"வெறுங்கட்டில்ல குந்திகினு இன்னா பண்றே?"

விடிந்திருந்தது. சிஸ்டர் தனகோடி. என் முன்னால் மெத்தை சுருட்டிய இரும்புக் கட்டில்.

மஹ்பூபி முந்தின நாள் சாயங்காலமே இறந்துவிட்டாராம். மகன் வந்து, மாட்டு வண்டியில் பேர்ணாம்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டானாம். என்னிடம் அதைச் சொல்ல எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை.

சிஸ்டர் தரையில் கிடந்த சாவியைக் கண்டார். முகம் வெளுத்தது. போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். எல்லாம் வைத்தபடி இருந்தது. திரும்பி வந்து, தன் காபியில் பாதியை ஆற்றி என்னிடம் நீட்டினார். பிறர் கேட்ட சின்ன உதவியைச் செய்துகொண்டிருக்கும் கை வேறெதையும் எடுக்காது என்பதை அன்று கற்றேன். நான் படித்த பாடங்களில் அதுதான் பெரிது.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கம்பளியைத் திருப்பிக் கொடுக்க ரஷீத் அஹமது வந்தான். அம்மாவை நல்லபடி அடக்கம் செய்தாயா என்று கேட்டேன். தலையாட்டினான். போகவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"நைட்டு பூரா எங்க பெரியம்மா, அம்மாவோட மய்யித்து பக்கத்துலயே குந்தினு இருந்தாங்க சிஸ்டர். கால் கட்டு ரெண்டு, ரெண்டரைக்குத் தானா அவுந்துச்சாம். மறுபடி கட்டுனாங்க. அவுந்துச்சு. காத்தால குளிப்பாட்ட வந்தவங்க தொட்டுட்டு கைய இழுத்துக்கினாங்க. ஒடம்பு பூரா ஐஸு. காலு ரெண்டு மட்டும்... யாரோ வுடாம தேய்ச்சாப்ல, சுட்டுச்சாம்."